தெப்பக்குளத்தைச் சுற்றும்போது கேட்ட கேள்விகள்: நடை, தசை, சர்க்கரை, முட்டி

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நான் நடக்க ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. டாக்டரும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. சர்க்கரை வந்ததால் நடக்க வந்தவன், நடக்க வந்ததால் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தவன். "அவரைக் கேளு, படிச்சு வச்சிருப்பாரு" என்று பெயர் கிளம்பியதிலிருந்து அதே சந்தேகங்கள்தான் ஆள் மாறி ஆள் மாறி வருகின்றன. மூச்சிரைக்க இரைக்கப் பதில் சொல்வதற்குப் பதிலாக எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. மாத்திரை, மருந்து சம்பந்தப்பட்டதில் மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

1. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் சார் நடக்கணும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில். ஓட்டம் மாதிரி கடுமையானது என்றால் அதில் பாதி போதும். தினமும் அரை மணி வீதம் ஐந்து நாள் வந்தாலே 150 ஆகிவிடும். தெப்பக்குளம் ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். கொஞ்சம் விறுவிறுப்பாக நடந்தால் அரை மணியில் இரண்டு சுற்றுக்கு மேலேயே வரும்.

முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்பார்கள். 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாப்புக்கு நடந்த ஐந்து நிமிடமும் சேரும். ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது: வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலு தரும் பயிற்சி. இங்கே நடக்கிற முக்கால்வாசிப் பேர் அந்த வரியைக் கேள்விப்பட்டதே இல்லை. எட்டாவது கேள்வி முழுக்க அதைப் பற்றித்தான்.

2. பத்தாயிரம் ஸ்டெப் கட்டாயமா? என் வாட்ச் ஆறாயிரத்தைத் தாண்ட மாட்டேங்குது.

கட்டாயம் இல்லை. அந்த எண்ணே ஆராய்ச்சியில் பிறந்தது இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965-ல், ஒரு ஜப்பான் கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும், எடுத்து வைக்கும் அடிகளை (ஸ்டெப்) எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மான்போ-கெய்'. பத்தாயிரம் ஸ்டெப் எண்ணும் மீட்டர் என்று அர்த்தம். பெயர் நன்றாக இருந்தது, ஒட்டிக்கொண்டது.

பிற்பாடு ஆராய்ந்தவர்கள் சொல்வது ஆறுதலானது. 2019-ல் அமெரிக்காவில் ஐ-மின் லீ குழுவினர் சராசரி வயது 72 உள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தார்கள். நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500-க்கு மேல் போனால் கூடுதல் லாபம் பெரிதாக இல்லை. நம் அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தார்களே, அந்த எட்டுக்குப் பின்னாலும் இந்தப் பத்தாயிரம்தான் நிற்கிறது. முடிந்தவர் நடக்கட்டும். ஆறாயிரத்தில் நிற்பவர் வாட்சைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம்.

3. நாங்க நாலு பேர் அரட்டை அடிச்சுக்கிட்டே நடக்குறோம். கணக்குல சேருமா?

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். மருமகள் கதையை முழு வாக்கியமாகச் சொல்ல முடிகிறது, ஆனால் ஒரு பல்லவியை இழுத்துப் பாடச் சொன்னால் மூச்சு வாங்குகிறது என்றால் சரியான வேகத்தில் போகிறீர்கள். பாடிக்கொண்டே நடக்க முடிகிறது என்றால் அது உலாத்தல். உலாத்தலும் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட மேல்தான், ஆனால் அந்த 150-ல் சேராது.

இதயத் துடிப்பை வைத்துக் கணக்கிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 220-லிருந்து வயதைக் கழிப்பது தோராயமான கணக்குதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும். பிபிக்கு அட்டெனோலால், மெட்டோபிரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மருந்தே துடிப்பை அமுக்கி வைத்திருக்கும். அவர்களுக்கு வாட்சைவிட இந்தப் பாட்டுச் சோதனையே நம்பகமானது.

4. காலையில எந்திரிச்சதுலேர்ந்து வீட்டு வேலைதான். அது எக்சர்சைஸ் இல்லையாண்ணே?

சேரும், எந்த வேலை என்பதைப் பொறுத்து. லண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் பஸ் ஊழியர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இந்தத் துறைக்கே அஸ்திவாரம். ஒரே பஸ், ஒரே கம்பெனி. நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கிழித்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வேலையும் உடற்பயிற்சிதான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஆனால் இன்றைய வீட்டு வேலையில் அம்மி போய் மிக்ஸி வந்துவிட்டது, கிணறு போய் மோட்டார் வந்துவிட்டது. அடுப்படியில் இரண்டு மணி நேரம் நின்றால் கால் வலிக்கும். ஆனால் மூச்சு வாங்காது. களைப்பு வேறு, பயிற்சி வேறு. மொட்டை மாடிக்குத் துணி தூக்கிப்போய் உலர்த்துவது, குனிந்து தேய்த்துக் கழுவுவது, குடம் தூக்குவது எல்லாம் சேரும். மீதியை மூன்றாவது பதிலில் சொன்ன பாட்டுச் சோதனையில் வைத்துப் பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்கிற அக்காமார் பலருக்கு உண்மையான பிரச்சினை பயிற்சி இல்லை, தனக்கென்று அரை மணி கிடைக்காததுதான். அதற்கு வீட்டு ஆண்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

5. காலையில நடக்கணுமா, சாயங்காலமா? வெறும் வயித்துலயா?

எந்த நேரத்தில் தினமும் வர முடியுமோ அந்த நேரம். சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுவது நல்லது. வெயில் ஏறினால் அதே வேகத்துக்கு இதயம் அதிகமாக உழைக்க வேண்டியிருக்கும். காபி குடித்துவிட்டு வரலாம், பாவமில்லை. இன்சுலின் போடுபவர்கள் மட்டும் பதிமூன்றைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"விடியக்காலை வெயிலில் வைட்டமின் டி கிடைக்கும்" என்று ஒருவர் தினமும் கிழக்கைப் பார்த்து நிற்பார். சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதற்குத் தேவையான கதிர் நம்மிடம் வந்து சேராது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் தோல் அந்த வேலையைச் செய்யும்.

6. மூணு மாசமா நடக்குறேன், ஒரு கிலோகூடக் குறையலையே?

எழுபது கிலோ ஆள் நான்கு சுற்று, அதாவது கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் நடந்தால் செலவாவது 250 கலோரி அளவு. முடித்துவிட்டு டீக்கடையில் நின்று இரண்டு உளுந்த வடை, சர்க்கரை தூக்கலாக ஒரு காபி. கணக்கு நேர். எடை குறைவதில் தட்டுக்குத்தான் பெரிய பங்கு, நடைக்குச் சின்னப் பங்கு. வேர்வை ஊற்றுவதும் கொழுப்பு கரைவதும் ஒன்றல்ல. வேர்வையில் போன எடை ஒரு சொம்புத் தண்ணீரில் திரும்பிவிடும்.

அதற்காக நடையை விட்டுவிடாதீர்கள். எடை அசையாவிட்டாலும் பிபி, சர்க்கரை, தூக்கம் மாறும். எடை மிஷினைவிட இஞ்சு டேப் நல்லது. நம் இந்திய உடம்பில் ஒல்லியாகத் தெரிபவருக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கும். அதனால்தான் இடுப்புச் சுற்றளவுக்கு இங்கே தனி அளவு வைத்திருக்கிறார்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தொப்புள் உயரத்தில், மூச்சை எக்காமல் அளக்க வேண்டும். எக்கி அளந்து என்னிடம் காட்டியவர்கள் உண்டு.

7. மத்ததெல்லாம் சரியா இருக்கு, தொப்பை மட்டும் குறையணும்.

அப்படி ஒரு பயிற்சி கிடையாது. எங்கிருந்து கொழுப்பை எடுப்பது என்று உடம்புதான் முடிவு செய்யும், நாம் இல்லை. வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும், அதன் மேலிருக்கும் கொழுப்பைத் தேடிப்பிடித்துக் கரைக்காது. அதிர்கிற பெல்ட்டு வாங்கியவர் இப்போது அதைப் பரண்மேல் போட்டிருக்கிறார்.

8. அதான் தினமும் நடக்குறேனே, அப்புறம் எதுக்குத் தண்டால், பஸ்கி எல்லாம்?

நானும் ஆறு வருடம் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடந்தேன், நடந்தேன், நடந்துகொண்டே இருந்தேன். ஒருநாள் கல்யாண வீட்டுப் பந்தியில் தரையில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கப் பக்கத்து இலைக்காரர் தோளைப் பிடிக்க வேண்டியதாயிற்று. தினம் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவன்! அன்றிரவு வீட்டில் நாற்காலிச் சோதனை செய்து பார்த்தேன். கை வைக்காத நாற்காலி, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. 60 முதல் 64 வயதில் ஆண் 14-க்குக் கீழே, பெண் 12-க்குக் கீழே எடுத்தால் கால் வலு சராசரிக்கும் குறைவு. எனக்கு அப்போது ஐம்பத்தேழு. ஒன்பதோடு தொடை நடுங்கிவிட்டது.

முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு ஒருமுறை 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. சமதளத்தில் நடப்பது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல வேலை. ஆனால் தொடைக்கு அது பழகிப்போன பாரம், வளர வேண்டிய அவசியமே வராது. தோள், முதுகு, கைக்கு நடையில் வேலையே இல்லை. வயதானவர்கள் படுக்கையில் விழுவது பல சமயம் பாத்ரூமில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்துதான். சறுக்கும்போது சுதாரிப்பதற்குத் தசை வேண்டும்.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையை வாங்கி வைக்கும் பெரிய குதிர் தசைதான். குதிர் சிறுத்தால் நெல் வாசலில் கொட்டிக் கிடக்கும். வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி இல்லாமலும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

9. ஜிம்முக்குப் போகக் கூச்சமா இருக்கு. வீட்டுலயே முடியாதா?

முடியும். நான் செய்வதைச் சொல்கிறேன். அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பத்துப் பத்தாக மூன்று முறை. அது சுலபமானதும் நாற்காலியை எடுத்துவிட்டுப் பஸ்கி. தரையில் தண்டால் வராதவர்கள் சுவரில் கை ஊன்றி ஆரம்பிக்கலாம், பிறகு சமையல் மேடை, பிறகு படிக்கட்டு, கடைசியில் தரை. நான் தரைக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. மூன்றாவது, ஒரு துணிப்பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு, இடுப்பிலிருந்து குனிந்து, முழங்கையைப் பின்னால் இழுத்துத் தூக்குவது. பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது. மொத்தமே இருபது நிமிடம், வாரம் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி.

கடைசி இரண்டு மூன்று எண்ணிக்கை கஷ்டமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பாரத்தைக் கூட்டுங்கள். தூக்கும்போது மூச்சை விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் பிபி சட்டென்று ஏறும். விழித்திரையில் ரத்தக்கசிவு இருக்கும் சர்க்கரைக்காரர்கள் கண் டாக்டரைக் கேட்காமல் பாரம் தூக்கக் கூடாது.

10. பொம்பளப் பிள்ளை வெயிட் தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிடாதா?

ஆகாது. அப்படிப் புடைப்பதற்குத் தேவையான டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பெண்களிடம் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும், அதைத் தாமதப்படுத்துகிற சில விஷயங்களில் பாரம் தூக்குவது ஒன்று. அந்தக் காலத்தில் நெல் மூட்டை தூக்கிய, இரண்டு குடம் சுமந்த அப்பத்தா எல்லாம் ஆம்பளையாகவா போனார்கள்?

11. முட்டி வலிக்குது. நடந்தா தேஞ்சிடும்னு சொல்றாங்களே?

முட்டி டயர் இல்லை, ஓட ஓடத் தேய்வதற்கு. குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. அழுத்தி விடும்போது ஸ்பாஞ்ச் மாதிரி மூட்டுத் திரவத்தை உறிஞ்சித்தான் அது பிழைக்கிறது. அசைக்காமல் வைத்தால்தான் கெடும். முட்டித் தேய்மானத்துக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வதே பயிற்சியும் எடைக் குறைப்பும்தான்.

நான் பின்பற்றும் அளவுகோல்: நடக்கும்போது கொஞ்சம் வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் அதிகமாகவே இருந்தால் தூரத்தைக் குறையுங்கள். முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, மடக்க முடியாமல் மாட்டிக்கொண்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். முட்டியைத் தாங்குவது தொடையின் முன்தசை. அதற்கு ஒன்பதில் சொன்ன நாற்காலிதான், உயரமான நாற்காலியாக.

12. நான் யோகா பண்றேன். அது போதாதா?

வளைவுக்கும், சமநிலைக்கும், மன அமைதிக்கும் நல்லது. நிற்கும் ஆசனங்களில் கால் வலுவும் கிடைக்கும். மூச்சு வாங்குகிற அளவுக்கு வேகமாகச் சூரிய நமஸ்காரம் செய்தால் நடைக் கணக்கிலும் சேர்த்துக்கொள்ளலாம். சவாசனம் சேராது. எதையாவது தன் பக்கம் இழுக்கும் வேலை மட்டும் யோகாவில் கிட்டத்தட்ட இல்லை, அதற்கு அரிசிப் பை.

13. எனக்கு சுகர். மாத்திரை போட்டுட்டு நடந்தா சில நாள் படபடன்னு வருது.

அது லோ சுகராக இருக்கலாம். கிளிமிபிரைடு, கிளிகிளாசைடு வகை மாத்திரைகளும் இன்சுலினும் எடுப்பவர்களுக்கு வரும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு அபூர்வம். எனக்கு ஒருமுறை மைய மண்டபத்துக்கு நேரெதிரே கை நடுங்கி, குளிர் வேர்வை கொட்டி, தெருவிளக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தது. டீ மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையிலேயே புரிந்துகொண்டு ஒரு கைப்பிடிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ உடனே, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். இப்போது சட்டைப் பையில் ஒரு பொட்டலம் குளுக்கோஸ் இல்லாமல் நான் வாசல்படி இறங்குவதில்லை. அடிக்கடி வந்தால் மருந்தின் அளவை டாக்டர் மாற்ற வேண்டும், நீங்களாக மாத்திரையை விடக் கூடாது.

செருப்பு வேண்டாம், ஷூவும் காட்டன் சாக்ஸும் போடுங்கள். போடுவதற்கு முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் ஒரு சின்னக் கல் இரண்டு சுற்று முழுக்க அழுத்தினாலும் தெரியாது.

இன்னும் சர்க்கரை வராமல் எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு: டாக்டர் அ. ராமச்சந்திரன் சென்னையில் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில் 531 பேர். மூன்று வருடத்தில், ஆலோசனை எதுவும் பெறாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேருக்கு. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

14. சாப்பிட்டதும் நடக்கலாமா? குடல் இறங்கிடும்னு அம்மா சொல்லுவாங்க.

இறங்காது. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால், அந்தச் சாப்பாட்டால் ஏறும் சர்க்கரையின் உச்சம் குறைகிறது. குதிர் விஷயம்தான், எட்டைப் பாருங்கள். தெருவிலோ மொட்டை மாடியிலோ போதும். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஓடத்தான் கூடாது.

15. முதல் நாள் பஸ்கி போட்டேன். மறுநாள் மாடி இறங்க முடியலை. லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சா?

லாக்டிக் அமிலம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கலைந்துவிடும். இது பழகாத தசையில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்யும் வேலையும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். மெதுவாக நடந்தால் இதமாக இருக்கும். அடுத்த தடவை இவ்வளவு வலிக்காது. ஆனால் சிறுநீர் கோக் நிறத்தில் போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

16. பையன் நாலாயிரம் ரூபாய்க்குப் புரதப் பவுடர் டப்பா வாங்கணுங்கிறான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை, எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். அறுபத்தைந்து கிலோ ஆளுக்கு 54 கிராம். தசை வளர்க்கப் பயிற்சி செய்பவர் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். முட்டைக்கு 6 கிராம், ஐம்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் ஒன்பது பத்து. பிறகு பால், மீன், பருப்பு. நம் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு மடுவாகவும் இருப்பதுதான் சிக்கல், அதை மாற்றினால் டப்பா தேவைப்படாது. பவுடர் விஷம் இல்லை, விலை கூடிய பால் பொருள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர் கேட்காமல் தொடக் கூடாது. பேர் தெரியாத ஊசியை ஜிம்மில் யாராவது நீட்டினால் பையன் அந்த ஜிம்மையே மாற்றட்டும்.

17. ஜிம்ல மயங்கி விழுற வீடியோவா வாட்ஸ்அப்ல வருது. பயமா இருக்கு.

பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. 1993-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு: கடுமையாக உழைத்த ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் அபாயம், சும்மா இருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால், பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்களுக்கு நூறு மடங்குக்கு மேல். வாரம் ஐந்து முறையோ அதற்கு மேலோ செய்பவர்களுக்கு இரண்டரை மடங்குகூட இல்லை. ஆபத்து பயிற்சியில் இல்லை, இருபது வருடம் சும்மா இருந்துவிட்டு முதல் நாளே எகிறுவதில் இருக்கிறது. தீர்மானம் போட்டு ஜனவரி முதல் தேதி ஓட வருகிற தம்பிகளைப் பார்த்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

ஏற்கெனவே இதய நோய் இருப்பவர்கள், நடந்தால் நெஞ்சு இறுகுகிறவர்கள், காரணம் தெரியாமல் மயங்கியவர்கள், குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். மற்றவர்கள் மெதுவாக நடக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. நடுவில் நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, திடீர்க் குளிர் வேர்வை, தலைசுற்றல் வந்தால் நின்று உட்காருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வாயுத்தொல்லை என்று சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள்.

18. ஐப்பசி மழையில ஒரு மாசம் விட்டுப்போச்சு. திரும்ப முதல்லேர்ந்தா?

முதலிலிருந்து இல்லை, பாதியிலிருந்து. மூச்சுத் தெம்பு இரண்டு முதல் நான்கு வாரத்தில் இறங்க ஆரம்பிக்கும், தசை வலு அதைவிட நாள் தாங்கும். நான்கு சுற்று நடந்தவர் இரண்டில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். காய்ச்சல் வந்து எழுந்தவர் இன்னும் மெதுவாக.

அடுத்த மழைக்கு வீட்டுக்குள் அந்த நாற்காலி இருக்கிறது. தை மாதத் தெப்பத் திருவிழா அன்று மட்டும் இங்கே யாருமே நடக்க முடியாது, கூட்டம் அப்படி. அன்றைக்கு நானும் விடுமுறைதான்.